குற்றப்பத்திரிகையில் விடுபட்டவர்கள்: சர்வதேசச் சட்டமும் பெண்கள் அமைப்புகளின் காவலும்

கிழக்குக் காங்கோவின் இத்தூரிப் பகுதியில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் ஓர் ஆயுதக் குழு கோலோச்சியது. அதன் தலைவர் தோமஸ் லுபாங்கா. படை நடவடிக்கைகளைக் கவனித்துவந்த துணைத் தளபதி போஸ்கோ என்டகாண்டா. இருவரும் வெவ்வேறு காலத்தில் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் கூண்டில் நின்றார்கள்.

2012 மார்ச் 14 அன்று லுபாங்கா குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறாரைப் படையில் சேர்த்ததும் போரில் பயன்படுத்தியதும்தான் குற்றம். தண்டனை 14 ஆண்டுகள். அந்த வழக்கின் குற்றப்பத்திரிகையில் வல்லுறவுக் குற்றச்சாட்டே இல்லை. 2019 ஜூலை 8 அன்று என்டகாண்டா 18 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. கிராமத்துப் பெண்கள் மீதான வல்லுறவு அதில் இருந்தது. ஆண்கள் மீதான பாலியல் வன்முறையும் இருந்தது. தன் படையிலேயே இருந்த சிறுமிகளை வல்லுறவுக்கும் பாலியல் அடிமைத்தனத்துக்கும் உள்ளாக்கியதும் இருந்தது. தண்டனை 30 ஆண்டுகள்.

குழு ஒன்று, காலம் ஒன்று, முகாம்களும் பெரும்பாலும் ஒன்று. பாலியல் வன்முறை குறித்த சட்டப் பிரிவுகளில் இடைப்பட்ட காலத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியது குற்றப்பத்திரிகை. ஒரு கொடுமையைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமிருந்தும் அது ஏன் வழக்காக வராமல் போகிறது, யார் தட்டிக் கேட்டால் வருகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. சட்டத்தில் புதிய சொற்களைச் சேர்த்ததற்காகவே பெண்கள் அமைப்புகள் பெரிதும் பாராட்டப்படுகின்றன. சேர்த்த சொற்கள் வழக்கு மன்றத்தில் உதிர்ந்துவிடாமல் அவர்கள் காவல் காத்த வேலை அதைவிடக் கடினமானது. அதன் பலனும் பெரிது.

மானக்கேடு என்ற பழைய பார்வை

போரில் நடக்கும் வல்லுறவைச் சட்டம் அறியாமல் இருந்ததில்லை. 1949ஆம் ஆண்டு நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு, வல்லுறவிலிருந்து பெண்களைக் காக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதைப் பெண்ணின் மானத்தின் மீதான தாக்குதலாகவே வகைப்படுத்துகிறது. உடலுக்கும் உரிமைக்கும் இழைக்கப்பட்ட வன்முறையாக அது எண்ணப்படவில்லை. நூரம்பெர்க் நீதிமன்றத்தின் சாசனம் வல்லுறவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. டோக்கியோ நீதிமன்றத்தில் நான்ஜிங் நகரில் நடந்த வல்லுறவுகள் பற்றிய சாட்சியங்கள் பதிவாயின. ஆனால் ஜப்பானிய ராணுவம் ஆசிய நாடுகளெங்கும் பெண்களை அடைத்துவைத்து நடத்திய பாலியல் அடிமை முறை வழக்காகவே வரவில்லை.

அந்த மௌனத்தை உடைத்தவர் கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி. 1991 ஆகஸ்ட் 14 அன்று அவர் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளிப்படையாகப் பேசினார். அதன்பின் பல நாடுகளிலிருந்தும் பெண்கள் முன்வந்தார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த முதல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த இலங்கைத் தமிழர் ராதிகா குமாரசாமி, 1996இல் இந்தப் பெண்கள் பற்றித் தனி அறிக்கை அளித்தார். அரசுகள் வழக்கு நடத்த முன்வராத நிலையில், 2000 டிசம்பரில் பெண்கள் அமைப்புகளே டோக்கியோவில் ஒரு மக்கள் நீதிமன்றத்தைக் கூட்டின. அதன் தீர்ப்புக்குச் சட்ட வலு கிடையாது. ஆனால் 1946இல் கேட்காமல் விட்ட சாட்சியங்களை ஒரு நீதிபதிகள் குழு முறைப்படி கேட்டுப் பதிவு செய்தது. பேரரசர் ஹிரோஹிட்டோவும் அதில் பொறுப்பாளியாக்கப்பட்டார்.

தாபாவில் நடந்தது

ருவாண்டாவின் தாபா வட்டாரத்துக்கு 1993 முதல் 1994 வரை நிர்வாகத் தலைவராக இருந்தவர் ஜான்-பால் அகாயேசு. 1994 இனப்படுகொலையின்போது உயிருக்கு அஞ்சிய துட்சி மக்கள் அவருடைய அலுவலக வளாகத்தில் அடைக்கலம் தேடினார்கள். 1997 ஜனவரியில் தான்சானியாவின் அரூஷாவில், ருவாண்டாவுக்கான சர்வதேச நீதிமன்றத்தில் அவர் மீதான விசாரணை தொடங்கியது. இனப்படுகொலை, கொலை, சித்திரவதை என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. பாலியல் வன்முறை குறித்து எதுவும் இல்லை.

தகவல் இல்லாததால் நேர்ந்த விடுபடல் அல்ல இது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் உள்ளிட்ட அமைப்புகள் ருவாண்டாவில் நடந்த பாலியல் வன்முறை பற்றி 1996 செப்டம்பரிலேயே விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தன. ருவாண்டாவுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரும் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார். ஊரறிந்த செய்தி வழக்குக் கட்டுக்குள் வந்து சேரவில்லை.

விசாரணையின் நடுவில், 'ஜே' என்று மட்டும் அடையாளம் காட்டப்பட்ட சாட்சி, தன் ஆறு வயது மகளை மூன்று ஆயுததாரிகள் வல்லுறவு செய்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். வட்டார அலுவலகத்திலேயே இளம் பெண்களுக்கு இது நேர்ந்ததாகத் தான் கேள்விப்பட்டதாக அவர் சொன்னார். அடுத்து வந்த 'எச்' என்ற சாட்சி, சோளக் காட்டில் தனக்கு நேர்ந்ததையும், அலுவலக வளாகத்துக்கு அருகில் மற்றப் பெண்களுக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்டதையும் சொன்னார்.

மூன்று நீதிபதிகள் கொண்ட அந்த அமர்வில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பமொன்றில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் அல்லாத பெண்களில் நடால் மாகாணத்தில் முதன்முதலாகச் சொந்தமாக வழக்குரைஞர் அலுவலகம் திறந்தவர். சாட்சிகள் தயங்கி நிறுத்திய இடங்களில் மேற்கொண்டு கேட்டவராக இந்த வழக்கின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

வெளியே, போர்ச்சூழலில் பெண்களின் மனித உரிமைகளுக்கான கூட்டமைப்பு 1997 மே மாதம் ஒரு மனுவைத் தயாரித்தது. வழக்கில் தரப்பினர் அல்லாதவர்கள் நீதிமன்றத்துக்கு உதவியாக முன்வைக்கும் அமிக்கஸ் கியூரி மனு அது. ஏற்கெனவே பதிவான சாட்சியங்களையே எடுத்துக்காட்டி, குற்றப்பத்திரிகையைத் திருத்தும்படி வழக்குத்தொடுநரைக் கேட்க வேண்டும் என்று அது கோரியது. ஜூன் 17 அன்று வழக்குத்தொடுநர் தரப்பு திருத்தத்துக்கு அனுமதி பெற்றது. பாலியல் வன்முறை குறித்து மூன்று புதிய குற்றச்சாட்டுகள் சேர்ந்தன.

1998 செப்டம்பர் 2ஆம் தேதித் தீர்ப்பு, இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு. ஓர் இனத்தை அழிக்கும் நோக்குடன் செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலைச் செயலே என்று அது நிறுவியது. நிர்ப்பந்தமான சூழலில் ஒருவர் மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மை கொண்ட உடல் அத்துமீறல் என்று வல்லுறவை வரையறுத்தது. அந்தத் திருத்தத்தைப் பற்றித் தீர்ப்பு சொன்னது இங்கே முக்கியம். திருத்தம் சாட்சிகள் தாமாகச் சொன்னதாலும் அதன்பின் நடந்த புலனாய்வாலும் வந்தது, பொது அழுத்தத்தால் வந்ததல்ல என்று நீதிமன்றம் கருதியது. அதே மூச்சில், தன்னார்வ அமைப்புகள் காட்டிய அக்கறையைக் கவனத்தில் கொள்வதாகவும், போர்க்குற்ற விசாரணைகளில் பாலியல் வன்முறை வரலாறு முழுக்க ஒதுக்கப்பட்டு வந்ததன் மீதான மக்கள் கவலைக்கு அது அடையாளம் என்றும் பதிவு செய்தது.

ஒரு நீதிமன்றம் இப்படித்தான் பேச முடியும். அழுத்தத்துக்குப் பணிந்ததாக ஒப்புக்கொண்டால் தீர்ப்பின் நடுநிலையே கேள்விக்குள்ளாகும். ஆகவே இந்த அமைப்புகள் தம் வெற்றிக்கு நீதிமன்றத்தின் வாயால் முழு உரிமை கோர முடியாத இடத்தில் நின்றே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. தோல்விகள் மட்டும் பளிச்சென்று பதிவாகின்றன. அதே கூட்டமைப்பு, ருவாண்டாவின் சியாங்குகு பகுதி தொடர்பான வழக்கிலும் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சேர்க்கக் கோரி மனு செய்ய முயன்றது. 2001இல் நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது.

ரோமில் நடந்த பேரம்

அரூஷாவில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, நிரந்தரமான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்கும் பேச்சுவார்த்தைகள் நியூயார்க்கில் நடந்துவந்தன. 1997இல் அங்கே கூடிய சில பெண் செயற்பாட்டாளர்கள் 'விமன்ஸ் காக்கஸ்' என்ற பாலின நீதிக்கான மகளிர் குழுவைத் தொடங்கினார்கள். கோஸ்டா ரிக்காவின் ஆல்டா ஃபாசியோ, நியூயார்க் சட்டப் பேராசிரியர் ரோண்டா கோபலன் போன்றோர் முன்னின்றார்கள். இந்தியாவைச் சேர்ந்த வாஹிதா நைனார் பின்னர் அதன் செயல் இயக்குநராக இருந்தார். ஓராண்டுக்குள் உலகெங்கும் நூற்றுக்கணக்கான அமைப்புகள் அதன் பின்னால் திரண்டன.

1998 ஜூன் 15 முதல் ஜூலை 17 வரை ரோமில் நடந்த மாநாட்டில் இந்தக் குழு மூன்று முனைகளில் உழைத்தது. முதலாவது, குற்றங்களின் பட்டியல். வல்லுறவு, பாலியல் அடிமைத்தனம், கட்டாய விபச்சாரம், கட்டாயக் கருத்தரிப்பு, கட்டாயக் கருத்தடை ஆகியவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகவும் போர்க்குற்றங்களாகவும் பெயர் சொல்லி இடம்பெற்றன. இரண்டாவது, நீதிமன்றத்தின் கட்டமைப்பு. நீதிபதிகளில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நியாயமான பிரதிநிதித்துவம், சாட்சிகளுக்குப் பாதுகாப்புப் பிரிவு, பாலின வன்முறையின் தன்மையைக் கருத்தில் கொண்டு புலனாய்வு செய்யும் கடமை ஆகியவை சாசனத்தில் எழுதப்பட்டன. மூன்றாவது, சாட்சிய விதிகள். இது ரோமுக்குப் பிறகும் தொடர்ந்த வேலை. பாதிக்கப்பட்டவர் மௌனமாக இருந்ததையோ எதிர்த்துப் போராடாததையோ சம்மதமாகக் கொள்ளக் கூடாது, அவருடைய முந்தைய பாலியல் வாழ்வைக் கிளறக் கூடாது, பாலியல் குற்றத்தை நிறுவ வேறொரு சாட்சியின் வலுவூட்டல் கட்டாயமில்லை என்ற விதிகள் அப்படி வந்தவை. நம் ஊர் விசாரணை மன்றங்களின் நடப்பை அறிந்தவர்களுக்கு இவற்றின் எடை புரியும்.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. கட்டாயக் கருத்தரிப்பைக் குற்றமாக்கினால் கருக்கலைப்பு உரிமை பின்வாசல் வழியாக வந்துவிடும் என்று வாட்டிகனும் வேறு சில நாடுகளும் அஞ்சின. கருத்தரிப்பு குறித்த உள்நாட்டுச் சட்டங்களை இது பாதிக்காது என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தே உடன்பாடு எட்டப்பட்டது. பாலினம் என்ற கருத்து ஓரினச் சேர்க்கையாளரின் உரிமைகளுக்கு வழிவிடும் என்று சில அரபு நாடுகள் எதிர்த்தன. சமூகச் சூழலில் ஆண், பெண் என்ற இரு பாலரைக் குறிப்பது அது என்ற வரையறை சமரசமாக உருவானது. சாசனத்தின் மீதான வாக்கெடுப்பில் 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 விலகி நின்றன. விலகியவற்றில் இந்தியாவும் ஒன்று. இன்றுவரை இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகளாகச் சேரவில்லை. இலங்கைப் போர்க்காலப் பாலியல் வன்முறைகளை இந்த நீதிமன்றம் நேரடியாக விசாரிக்க முடியாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

2003இல் முதல் நீதிபதிகள் தேர்தல் நடந்தபோது 18 பேரில் 7 பெண்கள் தேர்வானார்கள். நவநீதம் பிள்ளையும் அவர்களில் ஒருவர். 1993இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான நீதிமன்றம் அமைந்தபோது 11 பேரில் 2 பேரே பெண்கள்.

எழுதிய சட்டம் ஏன் போதவில்லை

இவ்வளவும் கையில் இருந்தும் நீதிமன்றத்தின் முதல் வழக்கே பழைய பாதையில் போனது. 2006 மார்ச்சில் லுபாங்கா ஹேக் கொண்டுவரப்பட்டார். அன்றைய வழக்குத்தொடுநர் லூயிஸ் மொரேனோ ஒகாம்போ சிறார் படைவீரர் குற்றச்சாட்டுகளை மட்டும் முன்வைத்தார். விரைவாக முடிக்கக்கூடிய, சிக்கலில்லாத ஒரு வழக்கு என்ற கணக்கு அதில் இருந்தது.

விமன்ஸ் காக்கஸின் தொடர்ச்சியாக 2004இல் ஹேக்கில் நிறுவப்பட்ட 'விமன்ஸ் இனிஷியேட்டிவ்ஸ் ஃபார் ஜெண்டர் ஜஸ்டிஸ்' அமைப்பு கிழக்குக் காங்கோவுக்குப் போய்ப் பாதிக்கப்பட்ட பெண்களைச் சந்தித்தது. திரட்டிய விவரங்களை 2006 ஆகஸ்டில் வழக்குத்தொடுநரிடம் அளித்தது. அடுத்த மாதமே அமிக்கஸ் கியூரியாகத் தன் தரப்பைச் சொல்ல நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டது. அனுமதி கிடைக்கவில்லை. 2009இல் பாதிக்கப்பட்டோரின் வழக்குரைஞர்கள், இருக்கிற உண்மைகளுக்குப் பாலியல் அடிமைத்தனம் என்ற சட்டப் பெயரையும் சேர்க்கும்படி கேட்டார்கள். விசாரணை அமர்வின் பெரும்பான்மை அதற்கு வழி திறந்தது. மேல்முறையீட்டு அமர்வு அந்த ஆண்டு டிசம்பரில் அதை அடைத்தது. குற்றப்பத்திரிகையில் இல்லாத உண்மைகளைப் பின்னாளில் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்றது.

2010 ஜனவரியில் ராதிகா குமாரசாமி இதே வழக்கில் நிபுணராகச் சாட்சியமளித்தார். அப்போது அவர் ஆயுத மோதலில் சிக்கிய சிறாருக்கான ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி. சிறுமிகள் ஒரே நாளில் சண்டையிடுபவராகவும் சமையல்காரியாகவும் உளவாளியாகவும் தளபதிகளின் பாலியல் அடிமையாகவும் இருக்கிறார்கள், போரில் பயன்படுத்துவது என்பதன் பொருளிலிருந்து அவர்களை நீக்கிவிடக் கூடாது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தப் பக்கம் போகவில்லை. நீதிபதி எலிசபெத் ஓதியோ பெனிட்டோ மட்டும் தனித் தீர்ப்பில், பாலியல் வன்முறை அந்தப் பயன்பாட்டின் பிரிக்க முடியாத பகுதி என்று எழுதினார். தண்டனை குறித்த முடிவில் நீதிமன்றமே வழக்குத்தொடுநரைக் கண்டித்தது. பேச்சில் பாலியல் வன்முறையைக் குறிப்பிட்டவர், அதற்கான குற்றச்சாட்டைச் சேர்க்கவோ ஆதாரத்தைத் தரவோ முன்வரவில்லை என்று சுட்டிக்காட்டியது.

இந்த விடுபடலின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பது 2015 மார்ச் 3 அன்று தெளிவானது. லுபாங்காவின் தண்டனையில் பாலியல் வன்முறை இல்லை என்பதால், அதற்கான இழப்பீட்டை அவர் பொறுப்பில் வழங்க இயலாது என்று மேல்முறையீட்டு அமர்வு முடிவு செய்தது. 2006இல் வழக்குத்தொடுநரின் மேசையில் எடுத்த ஒரு முடிவு, ஒன்பது ஆண்டுகள் கழித்து இத்தூரியின் ஒரு பெண்ணுக்கு இழப்பீடு இல்லை என்று சொல்ல வைத்தது.

என்டகாண்டா வழக்கு இந்தத் தோல்வியின் பாடத்திலிருந்து உருவானது. 2006இல் அவர் மீது பிறப்பித்த முதல் பிடியாணையும் சிறார் படைவீரர் குற்றங்களோடு நின்றுவிட்டிருந்தது. லுபாங்கா தீர்ப்பு வந்த ஆண்டிலேயே, 2012 ஜூலையில், வல்லுறவும் பாலியல் அடிமைத்தனமும் சேர்ந்த இரண்டாவது பிடியாணை வந்தது. சொந்தப் படையினர் மீது ஒருவர் போர்க்குற்றம் செய்ய முடியாது, எதிரியின் மக்களுக்கே அந்தச் சட்டம் காவல் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2017 ஜூன் 15 அன்று மேல்முறையீட்டு அமர்வு அந்த வாதத்தைத் தள்ளியது. 2021 மார்ச்சில் வந்த இழப்பீட்டு ஆணை, என்டகாண்டாவின் பொறுப்பை 3 கோடி அமெரிக்க டாலர் என்று நிர்ணயித்தது. வல்லுறவால் பிறந்த குழந்தைகளையும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றது.

அழுத்தத்தின் எல்லைகள்

இந்தக் கதையைப் பெண்கள் அமைப்புகளின் வெற்றி வரலாறாக மட்டும் எழுதினால் சில நியாயமான கேள்விகள் விடுபட்டுப்போகும். நடுவழியில் குற்றச்சாட்டுகளைச் சேர்ப்பது, எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டி அறியும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையோடு மோதுகிறது. சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் 2004இல் இந்த மோதல் வெளிப்பட்டது. சிவில் பாதுகாப்புப் படைத் தலைவர்கள் மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளைச் சேர்க்க வழக்குத்தொடுநர் கேட்டபோது, தாமதமாகிவிட்டது, விரைவான விசாரணைக்கான உரிமை கெடும் என்று நீதிமன்றம் மறுத்தது. பின்னர் சாட்சி சொல்ல வந்த பெண்கள் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பேசக்கூட அனுமதிக்கப்படவில்லை. முறைப்படி பார்த்தால் அது பாதுகாக்கத்தக்க முடிவாகத் தோன்றலாம். ஆனால் பிழை வேரில் இருந்தது. முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி கடைசியில் கேட்கப்பட்டது. இதனால்தான் அனுபவப்பட்ட அமைப்புகள் விசாரணை மன்றத்தைவிடப் புலனாய்வுக் கட்டத்தின் மீது கண் வைத்தன. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகம் ஃபாத்து பென்சூதாவின் தலைமையில் 2014 ஜூனில் வெளியிட்ட பாலியல், பாலினக் குற்றங்கள் குறித்த கொள்கை ஆவணம் இந்த நீண்ட வற்புறுத்தலின் விளைவுகளில் ஒன்று.

குற்றச்சாட்டு சேர்ந்துவிட்டால் நீதி நிச்சயம் என்றும் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் தன் படையினர் செய்த வல்லுறவுகளுக்காக ஜான்-பியர் பெம்பா 2016இல் தண்டிக்கப்பட்டார். 2018 ஜூன் 8 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் விடுதலையானார். களத்தில் நடந்த கொடுமை மெய்ப்பிக்கப்பட்டாலும், தொலைவில் இருந்த தளபதியை அதனோடு இணைக்கும் கண்ணியை நிறுவுவது வேறு வேலை. பாலியல் குற்றங்களில் அந்தக் கண்ணி அடிக்கடி அறுந்துபோகிறது. கொள்ளைக்கும் கொலைக்கும் உத்தரவைத் தேடுகிற நீதிபதிகள், வல்லுறவைப் படைவீரரின் தனிப்பட்ட அத்துமீறலாக எளிதில் எடுத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம்.

இதற்கிடையில் சட்டத்தின் எல்லையும் விரிந்தது. உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் வழக்கில் 2021 பிப்ரவரி 4 தீர்ப்பு, கட்டாயத் திருமணத்தைத் தனியொரு மனிதத்தன்மையற்ற செயலாகக் கண்டது. கட்டாயக் கருத்தரிப்புக்காக இந்த நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியாகக் கண்டதும் அதுவே முதல் முறை. ரோமில் வாட்டிகன் அஞ்சிய அந்தப் பிரிவு, பெண்களைக் கடத்திச் சென்று, அடைத்துவைத்துக் கருத்தரிக்கச் செய்த ஒரு தளபதியைத் தண்டிக்கப் பயன்பட்டது. மேல்முறையீட்டில் அறிஞர்களும் பெண்ணுரிமை அமைப்புகளும் அமிக்கஸ் கியூரியாக வாதங்களை முன்வைக்க நீதிமன்றம் அனுமதித்தது. 2006இல் சாத்திய கதவு இப்போது முறையான வாசலாகியிருந்தது. 2022 டிசம்பரில் தீர்ப்பு உறுதியானது.

அடுத்த களம்

2025 ஜூலை 8 அன்று தாலிபான் தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்சாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் எதிராக நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. பாலினம் காரணமாகத் துன்புறுத்தியது என்ற குற்றச்சாட்டு அதன் மையத்தில் இருக்கிறது. சிறுமிகளுக்குப் பள்ளியை மூடுவதும் பெண்ணை வீட்டுக்குள் அடைப்பதும் மானுடத்துக்கு எதிரான குற்றமாக விசாரிக்கப்படலாம் என்ற நிலை, ரோமில் பாலினம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக நடந்த பேரத்திலிருந்து வந்தது. தாலிபானின் பாலினக் கொள்கைக்கு இணங்காத மற்றவர்களும் பாதிக்கப்பட்டோராக அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள்.

மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் குறித்துத் தனி உடன்படிக்கை ஒன்றும் உருவாகிவருகிறது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் தயாரித்த வரைவில், பாலினம் பற்றிய ரோம் வரையறை 2017இல் அப்படியே இருந்தது. உரிமை அமைப்புகள் தொடர்ந்து வலியுறுத்திய பின், 2019இல் ஆணையம் அதை நீக்கியது. இப்போது இது அரசுகளின் கைக்குப் போகிறது. பேச்சுவார்த்தை மாநாடுகளை 2028, 2029ஆம் ஆண்டுகளில் நடத்த ஐ.நா. பொதுச்சபை முடிவு செய்திருக்கிறது. ரோமில் எதிர்த்த வாதங்கள் அங்கேயும் எழும் என்பதில் ஐயமில்லை.

உறுப்பு நாடாகச் சேரத் தயங்கும் அரசுகளும் அந்த மேசையில் உட்காரும். ஆகவே ஹேக் நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் நம் பகுதி அமைப்புகளுக்கும் இது களம்தான். ஆனால் இத்தூரி கற்றுத்தரும் பாடம் உடன்படிக்கையோடு முடிவதில்லை. ரோமில் வென்ற சொற்கள் எட்டு ஆண்டுகளில் ஒரு வழக்குத்தொடுநரின் அவசரத்தில் காணாமல் போயின. அவற்றைத் தேடிக்கொண்டு இத்தூரிக்குப் போய்ப் பெண்களிடம் பேசி, அறிக்கையோடு திரும்பி வந்து, மனு மறுக்கப்பட்ட பின்னும் விடாமல் கேட்டவர்கள் சம்பளமும் பதவியும் அரசு தராத மனிதர்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பணமும் பாதுகாப்பும் விசாவும் கிடைக்கும்வரைதான் 2028இல் எழுதப்போகும் எந்தப் பிரிவுக்கும் நடைமுறை மதிப்பு இருக்கும்.